வகுப்பறைப் பொங்கலுக்குச் சத்தான பலகாரம்: நாற்பது பிள்ளைகளுக்குச் செய்யும் முறை, முழுமையாக

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் யாரும் பாடம் எடுப்பதில்லை. வாசலில் கோலம், தூணில் கட்டிய கரும்பு, இடுப்பில் நிற்காத வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பையன்கள். அதற்குப் பத்து நாள் முன்பே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிடும். கேக் வாங்கலாம் என்பார் ஒருவர். சாக்லேட் பாக்கெட் போதும் என்பார் இன்னொருவர். "ஏதாவது சத்தானதாகக் கொடுக்கலாமே" என்று யாரோ எழுதுவார். "நல்ல யோசனை, நீங்களே செய்துவிடுங்கள்" என்று நான்கு பேர் உடனே கைகூப்பும் படம் போட்டுவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டவருக்காக எழுதுவது இது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு, சாதாரண வீட்டு அடுப்படி, உதவிக்கு இன்னொருவர் என்று வைத்துக்கொண்டுதான் எல்லா அளவுகளையும் சொல்கிறேன். உங்கள் வகுப்பு சிறியதென்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வெல்லமும் சர்க்கரைதான்

சத்தான இனிப்பு என்றதும் எல்லோரும் முதலில் செய்வது சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவு வெல்லத்தைப் போடுவது. வெல்லத்தில் ருசி இருக்கிறது, மணம் இருக்கிறது, கொஞ்சம் தாது உப்புகளும் இருக்கின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ஓர் உருண்டையில் இருக்கும் ஐந்து கிராம் வெல்லத்திலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்து பெயருக்குத்தான். வெல்லம் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் எலுமிச்சை அளவு உருண்டையை ஆரஞ்சு அளவுக்குப் பிடிப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 1,400 கலோரி தேவைப்படும் சின்னப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 17 கிராம், அதாவது ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி. விழா நாளில் பள்ளியிலேயே சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள், கரும்பும் கடிப்பார்கள். ஆகவே நாம் கொடுக்கும் பலகாரத்தில் ஆளுக்கு ஐந்து கிராம் வெல்லத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. பலகாரத்தை நல்லதாக்குவது பெரும்பாலும் அதன் அளவுதான். மீதியைக் கேழ்வரகும் கடலையும் எள்ளும் பார்த்துக்கொள்ளும். அவை மூன்றும் நம் மாவட்டங்களில் விளைபவை. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளைவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்தான். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியும் கோதுமையும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

இன்னொன்று: பிள்ளைகளிடம் "இது சத்தானது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சொன்ன நொடியில் அது மருந்தாகிவிடும்.

முதல் வேலை ஆசிரியரிடம்

மாவை எடுப்பதற்கு முன் வகுப்பு ஆசிரியரை ஒருமுறை பாருங்கள், அல்லது ஒரு போன் செய்யுங்கள். "மிஸ், நம் வகுப்பில் யாருக்காவது கடலை, எள், பால், முந்திரி, கோதுமை ஒத்துக்கொள்ளாதா?" என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "அலர்ஜி உண்டா?" என்று கேட்டால் "அப்படி யாரும் இல்லையே" என்ற பதில்தான் வரும். பெயர் சொன்னால்தான், போன வருடம் கடலை மிட்டாய் தின்று ஒரு பெண்ணுக்கு உதடு வீங்கியது ஆசிரியரின் நினைவுக்கு வரும். வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போட்டு, பெற்றோரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள்.

ஒரே ஒரு பிள்ளைக்குக் கடலை ஆகாது என்றாலும் வகுப்பு முழுவதற்கும் கடலை இல்லாத பலகாரம் செய்வதுதான் முறை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி டப்பா கொடுத்தால் அது ஓரமாய் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த பெஞ்சுப் பையன் பாசத்தோடு தன் உருண்டையில் பாதியை நீட்டும் ஆபத்தும் உண்டு. கடலையைத் தவிர்க்கிறீர்கள் என்றால் எண்ணெயையும் பாருங்கள். நம் வீடுகளில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் புழக்கம். அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமையைக் கிளப்ப அதுவே போதும். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டியிருக்கும் நேற்றைய கடலைச் சட்னியும் அப்படித்தான். தின்றபின் ஒரு பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சு வாங்குதல் என்று ஏதாவது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

அதே பேச்சில் இன்னும் இரண்டு கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், எத்தனை பேர். காலை பத்தரை மணி இடைவேளையில் கொடுப்பதற்கும் மதியம் மூன்று மணிக்குக் கொடுப்பதற்கும் பலகாரமே மாறும். எண்ணிக்கையில் பிள்ளைகளோடு ஆசிரியர்கள், ஆயா, வேன் ஓட்டுநர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பத்தெட்டு செய்தால் சரியாக இருக்கும்.

சிப்ஸ், குளிர்பானம் எல்லாம் வேண்டாம் என்று பள்ளி சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. விற்கக் கூடாததை விழாவில் பரிமாறப் பள்ளிகள் தயங்குவது நியாயம்தான்.

எதைச் செய்வது

ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பல் இரண்டும் விழுந்திருக்கும், இல்லையென்றால் ஆடிக்கொண்டிருக்கும். அந்த வாயில் கடலை மிட்டாய் கடிபடாது. மேல்பக்கம் நக்கிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள், மாலையில் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். எனவே சின்ன வகுப்புகளுக்கு மெத்தென்று உதிரும் பலகாரம். என் முதல் தேர்வு கேழ்வரகுச் சிமிலி, அதாவது கேழ்வரகு அடையைக் கடலை, எள், வெல்லத்தோடு இடித்துப் பிடிக்கும் உருண்டை. மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் ஓசூர்ப் பக்கத்து எள்ளு பெல்லக் கலவை, அதாவது எள்ளும் வெல்லமும் கடலையும் கொப்பரையும் கலந்தது. கடலை ஆகாத வகுப்பு என்றால் சாமை பாசிப்பருப்பு உருண்டை. மூன்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள், ஒன்று போதும்.

பொருள் வாங்கும்போது

கேழ்வரகைத் தானியமாக வாங்கி, கல் அரித்துக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பதே நல்லது. தருமபுரி மாவட்டத்தில் ரேஷனில் வாங்கிய கேழ்வரகு வீட்டில் இருந்தால் அதுவே போதும். மில்லில் உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளுக்கு அடுத்து உங்கள் கேழ்வரகு விழுந்தால் சிமிலி வேறு விதமாகப் பேசும். முதல் இரண்டு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து வீட்டுக் களிக்கு வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் தேதியைப் பாருங்கள். பழைய கேழ்வரகு மாவில் ஒரு கசப்பு ஏறிவிடும், வெல்லத்தால் அதை மறைக்க முடியாது.

நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது எதையும் விடாமல் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நாற்பது பிள்ளைகளின் வாய்க்குப் போகிற பொருள், சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

வெல்லம் பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து இந்தப் பருவத்தில் புதிதாக வரும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வெளுப்புக்காகக் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடும் வழக்கம் உண்டு. கருத்த, கொஞ்சம் ஒட்டுகிற வெல்லமே எனக்குப் பிடிக்கும். சிமிலியில் வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டுவதில்லை என்பதால் மண் இருந்தால் அப்படியே பல்லில் நறநறக்கும். வெல்லத்தைப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள், அல்லது சுத்தமான நாட்டுச் சர்க்கரை வாங்குங்கள்.

நிறம் எதுவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால்தான். மளிகைக் கடையில் சின்னப் புட்டியில் விற்கும் சிவப்பு, பச்சைப் பொடிகளை நம்பிப் பிள்ளைகள் தின்னும் பொருளில் போட மனம் வரவில்லை.

கேழ்வரகுச் சிமிலி, நாற்பத்தெட்டு உருண்டை

வட மாவட்டங்களில் பாட்டிமார் உரலில் இடித்துக் கொடுத்த பலகாரம் இது. கேழ்வரகு மாவு அரை கிலோ, நிலக்கடலை 200 கிராம், எள் 50 கிராம், சலித்த வெல்லம் 250 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, ஏலக்காய் ஆறு, தோசைக்கல்லில் தடவ இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அவ்வளவுதான். நெய் தேவையில்லை. கடலையும் எள்ளும் விடும் எண்ணெயே உருண்டையைப் பிடித்துக்கொள்ளும்.

வறுப்பதை முந்தைய நாள் பகலிலேயே முடித்துவிடலாம். கடலையைக் குறைந்த தீயில், அவசரப்படாமல், தோல் வெடித்து உரியும் வரை வறுங்கள். தீ பெரிதாக இருந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆறியதும் துணியில் கொட்டித் தேய்த்து முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். எள்ளை வெறும் வாணலியில் போட்டுப் படபடவென வெடிக்கத் தொடங்கியதும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியின் சூட்டிலேயே அது கருகும்.

அடை சுடுவதுதான் இதில் முக்கியமான கட்டம். மாவில் உப்பைக் கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். அரை கிலோவுக்கு ஏறக்குறைய 400 மில்லி பிடிக்கும், மாவின் பழக்கத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, ஆனால் கையில் வழியாமல் இருக்க வேண்டும். ஆறு பங்காக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையிலோ நனைத்த துணியிலோ வைத்து, விரலை அவ்வப்போது தண்ணீரில் தொட்டுக்கொண்டு அரை விரற்கடை கனத்துக்குத் தட்டுங்கள். கனமாகத் தட்டினால் நடுவில் வேகாது. காயும் கல்லில் இலையோடு கவிழ்த்து, இலையை மெல்ல உரித்தெடுங்கள். ஓரத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெய்.

மிதமான தீயில் விட்டுவிட்டுக் கவனியுங்கள். ஈரமாகக் கருஞ்சிவப்பில் மின்னிக்கொண்டிருந்த மேற்பரப்பு மங்கி, வறண்டு, அங்கங்கே மெல்லிய விரிசல் விடும். ஓரம் கல்லைவிட்டுத் தானாக எழும்பும். அப்போது திருப்புங்கள், அதற்கு முன் கரண்டியை நுழைத்தால் பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிடம் ஆகும். வெந்ததா என்று பார்க்க நடுவில் பிட்டுப் பாருங்கள்: உள்ளே கருத்து, பிசின் போல இழுபட்டால் இன்னும் வேக வேண்டும். உதிரியாகப் பிட்டுக்கொண்டு வந்தால் சரி. பாதி வெந்த கேழ்வரகு பல்லில் அப்பிக்கொள்ளும், பச்சை வாடையும் அடிக்கும். சிமிலி பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பாதி வெந்ததைத் தின்றவர்கள்.

அடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பி வையுங்கள், அடுக்கினால் வியர்த்து ஈரமாகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சிறு துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். இனி மிக்ஸி. முதலில் கடலையைத் தனியாக, விட்டு விட்டு நான்கைந்து சுற்று. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். ஒன்றிரண்டாக உடைந்தால் போதும், ஆனால் ஐந்து வயதுக்குள் இருக்கும் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கென்றால் நன்றாகப் பொடியாக்குங்கள். அந்த வயதில் கடலைத் துண்டு தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. அடுத்து எள்ளும் ஏலக்காயும் ஒரே சுற்று. பிறகு அடைத் துண்டுகளை நான்கு தவணையாக, ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் வெல்லம் சேர்த்து அரையுங்கள். வெல்லம் இளகி அடைத்தூளோடு சேர்ந்து, புட்டு மாதிரி ஈரமான உதிரியாக வரும்.

எல்லாவற்றையும் பெரிய தாம்பாளத்தில் கொட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிசையுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கினால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி நெய்யை உருக்கி விடுங்கள். தண்ணீரோ பாலோ தெளிக்காதீர்கள், காலைக்குள் ஊசிப்போகும். பிசுபிசுப்பாக இருந்தால் இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலையைப் பொடித்துச் சேர்த்தால் சரியாகிவிடும். இனி உருண்டை பிடிக்க வேண்டியதுதான். சமையல் தராசு இருந்தால் முதல் உருண்டையை 25 கிராமுக்கு நிறுத்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் ஓர் உருண்டைக்கு ஐந்து கிராமுக்கு ஒட்டியே வெல்லம் வரும். வீட்டுப் பிள்ளையை உருட்ட விடுங்கள், ஆனால் கையை சோப்பு போட்டுக் கழுவியபின். தான் உருட்டியது என்று வகுப்பில் சொல்லிக்கொள்வதற்காகவே அது தின்னும், பக்கத்துப் பிள்ளையையும் தின்ன வைக்கும்.

சிமிலியில் அடையின் ஈரம் இருப்பதால் நாள்பட வைக்க முடியாது. முந்தைய இரவு எட்டு மணிக்குமேல் செய்து, முழுக்க ஆறவிட்டு மூடுங்கள். சனவரிக் குளிரில் மறுநாள் மதியம் வரை சுவை குறையாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியாகி ருசி போகும். மதியம் மூன்று மணிக்குக் கொடுப்பார்கள் என்றால் காலையில் அடை சுடுங்கள், அல்லது கீழே இருக்கும் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எள்ளு பெல்லக் கலவை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் சங்கராந்திக்கு அக்கம்பக்கம் கொடுத்துக்கொள்வது எள்ளு பெல்ல. அடுப்படி வேலை குறைவு, ஒரு வாரம் முன்பே செய்யலாம், விழாவும் அதே விழா. வகுப்பறைக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஒரு கிலோ கலவைக்கு: நிலக்கடலை 250 கிராம், பொட்டுக்கடலை 250 கிராம், வெள்ளை எள் 200 கிராம், கொப்பரை 150 கிராம், வெல்லம் 150 கிராம். ஆளுக்கு 25 கிராம் வீதம் நாற்பது பொட்டலம். பெரியவர்களுக்கும் வேண்டுமென்றால் பொட்டுக்கடலையைக் கூட்டிக்கொள்ளுங்கள், வெல்லத்தைக் கூட்ட வேண்டாம். இந்த அளவில் ஆளுக்கு நான்கு கிராமுக்குள்தான் வருகிறது.

வெல்லம் கெட்டியான அச்சு வெல்லமாக இருக்கட்டும். அதைப் பாக்குவெட்டியில் வைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்குவார்கள். கத்தியால் வெட்டினால் தூளாகிவிடும். கொப்பரையின் கருந்தோலைச் சீவிவிட்டு அதே அளவுக்கு நறுக்குங்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் பரப்பி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவையுங்கள். எறும்புக்கு ஒரு கண் தேவை. இப்படிக் காயவைக்காமல் விட்டுவிட்டால் வெல்லம் கசிந்து எள் எல்லாம் அதன்மேல் அப்பிக்கொள்ளும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள், எள்ளை வறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முழுக்க ஆறிய பிறகே ஒன்றாகக் கலக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கலந்தால் வெல்லம் வியர்க்கும்.

கடைகளில் இதனோடு சேர்க்க வண்ண வண்ணச் சர்க்கரை மிட்டாய்களும் விற்பார்கள். அவற்றை விட்டுவிடுங்கள். நிறம் வேண்டுமென்றால் உலர்ந்த திராட்சை கொஞ்சம் போடலாம். கடினமான துண்டுகள் இருப்பதால் இந்தக் கலவையை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

சாமை பாசிப்பருப்பு உருண்டை, கடலை இல்லாமல்

சிட்லிங்கி, ஜவ்வாது மலைப் பக்கத்துச் சாமை கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எந்தச் சாமையும் சரிதான். 300 கிராம் சாமையைக் கழுவி நிழலில் உலர்த்தி, வாணலியில் வெளுத்துப் பொரிந்து மணம் வரும் வரை வறுங்கள். 300 கிராம் பாசிப்பருப்பைப் பொன்னிறமாக வறுங்கள். இரண்டையும் ஆறவிட்டு நைசாக அரைத்துச் சலித்து, 240 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய், சுக்கு ஒரு சிட்டிகை சேர்த்துக் கலந்து, 180 கிராம் நெய்யைச் சூடாக உருக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உருட்டுங்கள். இருபது கிராம் உருண்டையாக நாற்பத்தெட்டு வரும். நெய் ஆறினால் பிடிபடாது, ஆகவே இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஊற்ற, ஒருவர் உருட்ட. தண்ணீர் படாமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பால் பொருள் ஆகாத பிள்ளை வகுப்பில் இருந்தால் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். மணம் மாறும், ஆனால் பிள்ளைகள் குறை சொல்வதில்லை.

காரமும் பழமும்

எல்லோரும் இனிப்பே கொண்டுவருவார்கள் என்பதால் ஒருவர் காரம் பொறுப்பேற்பது நல்லது. பொரியைக் கொஞ்சம் எண்ணெய், மஞ்சள்தூள், பூண்டு, கறிவேப்பிலை, பொட்டுக்கடலையோடு சூடுகாட்டிக் கொடுத்தால் போதும். முக்கால் கிலோ பொரி வகுப்புக்கே காணும். தட்டை போன்ற நிப்பட்டு எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அது எண்ணெயில் பொரித்தது, ஒன்று தின்றால் இரண்டாவது கேட்கும். வாங்கினால் ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுங்கள்.

சுண்டல் காலை இடைவேளைக்கு மட்டும். தேங்காய் துருவிப் போட்டு டப்பாவில் மூடி மதியம் வரை வைத்தால் நூல் விடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஆவியில் வேகவைத்துத் தோலோடு வட்டமாக நறுக்கிக் கொடுக்கலாம். சனவரியில் நன்றாகக் கிடைக்கும், வெல்லமே வேண்டாம்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் கொடுக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம், அது கோடைப் பழம். இப்போது கொய்யா இருக்கிறது. வகுப்பறையிலேயே நறுக்கிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள். வீட்டிலிருந்தே நறுக்கிக்கொண்டு போனால் கறுத்துவிடும், பிள்ளைகள் அதைத் தொட மாட்டார்கள். நெல்லியும் இருக்கிறது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் நம் தருமபுரிதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு முழு நெல்லிக்காயைக் கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிடும். கரும்பை வகுப்பறைக்குள் விடவே விடாதீர்கள். சக்கையைத் துப்ப நாற்பது பிள்ளைகளும் நாற்பது இடத்தைக் கண்டுபிடிப்பார்கள், பெருக்குவது ஆயா.

நேரமே இல்லை என்றால் கடையில் கடலை உருண்டை வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. லேபிளில் தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் முதலில் இருப்பது அதிக எடையுள்ளது. அங்கே சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் வேறு எடுங்கள்.

கட்டுவதும் கொண்டுபோவதும்

அச்சடித்த செய்தித்தாளில் பலகாரம் மடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கிறது. பிளாஸ்டிக் கவரும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடையில் இருக்கின்றன. எள்ளு பெல்லவுக்கு அச்சில்லாத வெள்ளைத் தாளில் கூம்புப் பொட்டலம் மடிக்கலாம். பிள்ளைகளின் பெயரை அதில் எழுதினால் சண்டை வராது, யாருக்கு விட்டுப்போனது என்பதும் தெரியும். உருண்டைகளுக்கு அகலமான எவர்சில்வர் டப்பாவில் பட்டர் பேப்பரோ வாழையிலையோ விரித்து இரண்டே அடுக்கு. மூன்றாவது அடுக்கு வைத்தால் அடியில் இருப்பது நசுங்கும். பஸ்ஸில் போகிறவர்கள் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் மூடியைத் துணியால் கட்டிவிடுங்கள். வழியிலேயே திறந்து பங்கு போட்டுவிடுவார்கள்.

டப்பா மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, "கேழ்வரகு, நிலக்கடலை, எள், வெல்லம், ஏலக்காய், நல்லெண்ணெய்" என்று சேர்த்தது அனைத்தையும் எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினால், சிமிலியில் கடலை இருப்பது தெரியாத ஆசிரியருக்கு அதனால் பயனில்லை.

வகுப்பறையில்

கை கழுவிய பிறகே கொடுக்கச் சொல்லுங்கள். கோலப்பொடி பட்ட விரல்கள் அவை. ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், "கேழ்வரகு, கால்சியம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பாதி உருண்டை கேட்டால் பாதி கொடுங்கள். கேட்கிற பிள்ளைக்கு இரண்டாவது உருண்டை கொடுக்கலாமா என்றால், எல்லோருக்கும் போன பிறகு, அதுவும் சாப்பாட்டு மணிக்கு நேரம் இருந்தால் கொடுக்கலாம். குடிக்கத் தண்ணீர் போதும். இன்னொரு பெற்றோர் பெரிய கிரீம் கேக்கோடு வந்து நின்றால் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், காலை இடைவேளைக்கு உருண்டை, மாலைக்குக் கேக் என்று பிரித்து வைக்க ஆசிரியரிடம் கேளுங்கள். பசியில் இருக்கும்போது முன்னால் வருவதைத்தான் பிள்ளைகள் முழுதாகத் தின்பார்கள்.

மீந்த சிமிலியை அன்று மாலைக்குள் ஆயா, ஓட்டுநர், ஆசிரியர்கள் என்று பங்கிட்டு முடித்துவிடுங்கள், அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். எள்ளுக் கலவையும் சாமை உருண்டையும் மீந்தால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆகும். டப்பாவின் அடியில் உங்கள் பெயரை எழுதி அனுப்பியிருந்தால் அது வீடு திரும்பும்.